தூக்கத்துக்கு ஒரு அமினோ அமிலம்: நியூ மெக்சிகோ, 1989

1989 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலச் சுகாதாரத் துறைக்கு மருத்துவர்களிடமிருந்து ஒரு தகவல் போனது. மூன்று நோயாளிகள், மூவரும் பெண்கள். மூவருக்கும் அன்றாட வேலையைக்கூடச் செய்யவிடாத தசைவலி. ரத்தத்தில் ஈசினோஃபில் அணுக்கள் தாறுமாறாக ஏறியிருந்தன. வழக்கமான காரணங்கள் எதுவும் பொருந்தவில்லை. மருத்துவர்கள் தங்களுக்குள் பேசிக் குறிப்புகளை ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் ஒரு பொது விஷயம் தட்டுப்பட்டது. மூவருமே எல்-டிரிப்டோஃபான் என்ற அமினோ அமில மாத்திரை சாப்பிட்டு வந்திருக்கிறார்கள்.

ஈசினோஃபில் என்ற பெயர் நமக்குப் புதிதில்லை. விடாத இருமலோடு போனால் 'ஈசினோபிலியா' என்று சொல்லி மாத்திரை எழுதித் தந்த டாக்டர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஒவ்வாமை, யானைக்கால் புழு, வயிற்றுப் புழு என்று பல காரணங்களால் இந்த வெள்ளையணு கூடும். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் சாதாரணமாக 500க்குள் இருக்கும். இந்தப் புது நோயைக் கணக்கெடுக்க வகுத்த வரையறையில், குறைந்தது 1,000 இருக்கவேண்டும், கூடவே ஆளை முடக்கும் தசைவலி இருக்கவேண்டும், தொற்றோ புற்றுநோயோ காரணமாக இருக்கக்கூடாது என்று வைத்தார்கள். பலருக்கு அந்த எண்ணிக்கை பல ஆயிரங்களில் இருந்தது. நோயின் பெயரும் அந்த இரண்டு அறிகுறிகளையே ஒட்டி வந்தது: ஈசினோஃபிலியா-மயால்ஜியா சிண்ட்ரோம், சுருக்கமாக ஈ.எம்.எஸ்.

நான் இருபது வருஷமாக மருந்துக் கடையில் நிற்பவன். இந்த விவகாரத்தைப் பற்றி முதலில் படித்தபோது என்னை நிறுத்தியது அந்த ஒப்பீடுதான். 'வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா?' என்று கேட்டால் டிரிப்டோஃபானைச் சொல்ல யாருக்கும் தோன்றாது. அது மருந்து இல்லையே, பாலிலும் முட்டையிலும் இருக்கும் சத்துதானே! கடையில் வைட்டமின் பாட்டில்களுக்குப் பக்கத்தில் சீட்டில்லாமல் கிடைத்த பொருள் அது.

மாநில அதிகாரிகள் வேகமாகத்தான் நடந்தார்கள். 11 நோயாளிகளையும், ஒப்பீட்டுக்கு நோயில்லாத 22 பேரையும் எடுத்துக்கொண்டு யார் யார் டிரிப்டோஃபான் சாப்பிட்டார்கள் என்று விசாரித்தார்கள். நோயாளிகளில் 11 பேருமே சாப்பிட்டிருந்தார்கள். மற்ற 22 பேரில் இரண்டே பேர். இவ்வளவு சின்னக் கணக்கில் இவ்வளவு தெளிவான விடை கிடைப்பது அபூர்வம். இதற்கிடையே அல்புகர்க்கி ஜர்னல் நாளிதழில் டாமர் ஸ்டீபர் என்ற செய்தியாளர் தொடர்ந்து எழுதிக்கொண்டிருந்தார். அந்தச் செய்திகளுக்காக அடுத்த ஆண்டு அவருக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. நவம்பர் 11இல் எஃப்.டி.ஏ. எனப்படும் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் மக்களை எச்சரித்தது. நவம்பர் 17இல், ஒரு நாளைக்கு 100 மில்லிகிராமோ அதற்கு மேலோ டிரிப்டோஃபான் தரும் பொருள்களைக் கடைகளிலிருந்து திரும்பப் பெறச் சொன்னது. 1990 மார்ச்சில் அநேகமாக எல்லா டிரிப்டோஃபான் பொருள்களுக்கும் அது விரிந்தது.

அதற்குள் நாடு முழுவதிலுமிருந்து நோயாளிகள் வந்துகொண்டிருந்தார்கள். பதிவானவர்கள் மட்டும் 1,500க்கு மேல். 30க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பிழைத்தவர்கள் பலருக்கும் சீக்கிரம் சரியாகிவிடவில்லை. தோல் தடித்து இறுகியது, கைகால் வீங்கியது, நரம்பு பாதித்து மரத்துப்போனது. ஈசினோஃபில் எண்ணிக்கை இறங்கிய பிறகும் வலி வருஷக்கணக்கில் நின்றது. நோயாளிகளில் பெரும்பாலோர் பெண்கள். மாத்திரையை அதிகம் வாங்கியவர்களும் அவர்கள்தான்.

ஏன் விழுங்கினார்கள்?

தூக்கம் வரவில்லை, மனசு சரியில்லை, மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் எரிச்சலும் அழுகையும். இந்த மூன்றும்தான் முக்கியக் காரணங்கள். சில மருத்துவர்களே சிபாரிசு செய்தார்கள். அதில் மோசடி ஏதும் இல்லை, பின்னால் இருந்த உடலியல் உண்மையானது.

டிரிப்டோஃபான் என்பது நம் உடம்பால் தயாரிக்க முடியாத அமினோ அமிலங்களில் ஒன்று, சாப்பாட்டிலிருந்துதான் வரவேண்டும். மூளையில் அது இரண்டு படிகளில், நரம்பணுக்களுக்கு நடுவே சேதி கடத்தும் செரட்டோனினாக மாறுகிறது. மூளைக்குள் இருக்கும் பினியல் சுரப்பியில் இருட்டிய பிறகு அந்தச் செரட்டோனின் இன்னும் இரண்டு படி போய், இரவு வந்ததை உடம்புக்குச் சொல்லும் மெலட்டோனின் ஆகிறது. முதல் படியைச் செய்யும் நொதிக்குச் சாதாரண நாட்களில் சரக்கு முழுசாகக் கிடைப்பதில்லை. நெல் போதாமல் பாதி நேரம் சும்மா ஓடும் ரைஸ் மில் மாதிரி. அதனால் டிரிப்டோஃபான் கூடுதலாக வந்தால் செரட்டோனினும் கூடுதலாக உண்டாக வழி இருக்கிறது. பெரும்பாலான நரம்புக் கடத்திகளுக்கு இப்படிச் சாப்பாட்டோடு நேரடிக் கொடுக்கல் வாங்கல் கிடையாது.

'அப்போது வாழைப்பழத்தில் செரட்டோனினே இருக்கிறதே, அதைச் சாப்பிட்டால் போதாதா' என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. உடம்பின் செரட்டோனினில் 90 சதவீதத்துக்கும் மேல் குடலில்தான் இருக்கிறது. ஆனால் ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவில் உள்ள தடுப்பை அது தாண்டாது. மூளை தன் செரட்டோனினைத் தானே செய்துகொள்ள வேண்டும். உள்ளே போக அனுமதி இருப்பது அதன் மூலப்பொருளான டிரிப்டோஃபானுக்கு. சாப்பிட்ட டிரிப்டோஃபானிலும் ஒன்றிரண்டு சதவீதம்தான் செரட்டோனின் ஆகிறது. புரதம் கட்டப் போனது போக மிச்சத்தில் பெரும்பங்கு கைனூரினின் என்ற வேறு பாதையில் போய்விடுகிறது.

சரி, உள்ளே போகும் வாசலைப் பார்ப்போம். கல்யாண வீட்டில் பந்திக் கதவு திறக்கும் நேரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். லூசின், ஐசோலூசின், வேலின், டைரோசின், ஃபினைல் அலனின் என்று பெரிய குடும்பங்கள் கூட்டமாக நிற்கின்றன. எல்லாருக்கும் ஒரே கதவு. புரத உணவுகளில் மிகக் குறைவாக இருக்கும் அமினோ அமிலங்களில் ஒன்றான டிரிப்டோஃபான் ஓரத்தில் ஒண்டியாக நிற்கிறது. ஆகவே முட்டை, கறி, பருப்பு என்று புரதம் நிறையச் சாப்பிட்டால் டிரிப்டோஃபானும் கூடத்தான் செய்யும், ஆனால் அதோடு போட்டி போடுகிற கூட்டம் அதைவிடக் கூடுகிறது. மூளைக்குப் போகும் பங்கு ஏறுவதில்லை, சில சமயம் குறையவும் செய்யும். நன்றி நவிலல் நாளில் வான்கோழி சாப்பிட்டால் தூக்கம் வருவது டிரிப்டோஃபானால் என்று அமெரிக்காவில் ஒரு நம்பிக்கை உண்டு. வான்கோழியில் இருப்பது கோழியில் இருப்பதைப் போலத்தான்.

1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஃபெர்ன்ஸ்ட்ராமும் வர்ட்மனும் எலிகளில் காட்டியது இதன் மறுபக்கம். மாவுச்சத்து மட்டும் கொடுத்தால் இன்சுலின் சுரக்கிறது. இன்சுலின் அந்தப் பெரிய குடும்பங்களைத் தசைப்பக்கம் கூப்பிட்டுக்கொண்டு போய்விடுகிறது. டிரிப்டோஃபானில் பெரும்பகுதி ரத்தத்தில் அல்புமின் என்ற புரதத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதால் அது அவ்வளவாகக் குறைவதில்லை. கதவருகே கூட்டம் கலைந்ததும் அதற்கு வழி கிடைக்கிறது.

இதைப் படித்துவிட்டுச் சோற்றுக்குப் பின் வரும் மதியத் தூக்கத்தை விளக்கக் கிளம்பியவர்கள் ஏராளம். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. சாப்பாட்டின் ஆற்றலில் சுமார் 5 சதவீதம் புரதத்திலிருந்து வந்தாலே இந்த விளைவு அடங்கிவிடுகிறது. வெறும் அரிசிச் சோற்றிலேயே அதைவிடக் கூடுதலாகப் புரதம் உண்டு, மேலே சாம்பாரும் தயிரும் வேறு. மதியச் சோர்வு சாப்பிடாதவர்களுக்கும் வருகிறது, அது உடம்புக் கடிகாரத்தின் வேலை. ஆனால் ஒரு சோதனை என் வாயைக் கொஞ்சம் அடைக்கிறது. 2007இல் சிட்னியில் 12 ஆண்களுக்குப் படுக்கைக்கு 4 மணி நேரம் முன்னால் அரிசிச் சோறு கொடுத்தார்கள். சர்க்கரையை வேகமாக ஏற்றும் ஜாஸ்மின் அரிசி சாப்பிட்ட இரவில் சராசரியாக 9 நிமிடத்தில் தூங்கினார்கள், மெதுவாக ஏற்றும் அரிசி சாப்பிட்ட இரவில் 17.5 நிமிடம் ஆனது. காரணம் டிரிப்டோஃபான்தான் என்று அவர்கள் அளந்து காட்டவில்லை. இருந்தாலும் ஒதுக்கிவிட முடியாத வித்தியாசம்.

இப்போது மாத்திரைக்கு வருவோம். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவையான டிரிப்டோஃபான் சுமார் 240 மில்லிகிராம். 200 மில்லி பாலில் ஏறக்குறைய 90 இருக்கும், ஒரு முட்டையில் அதைவிடச் சற்றுக் குறைவாக. அமெரிக்கக் கடைகளில் விற்ற ஒரு மாத்திரை 500 மில்லிகிராம். ஒரு மாத்திரையே ஐந்து கிளாஸ் பாலுக்கு மேல் ஆயிற்று. ஒரு கிராம், இரண்டு கிராம் சாப்பிட்டவர்கள் சாதாரணம், 4 கிராம் சாப்பிட்டவர்களும் இருந்தார்கள். அது நாற்பது கிளாஸுக்கு மேல். அளவைவிட முக்கியமான வித்தியாசம் இன்னொன்று. பாலில் வரும் டிரிப்டோஃபான் லூசினையும் வேலினையும் கூட்டிக்கொண்டு வருகிறது. மாத்திரையில் அது தனியாக வருகிறது. வெறும் வயிற்றில், படுக்கப் போகும் நேரத்தில் விழுங்கினால் பந்தி வாசலில் அது மட்டும்தான். அதனால்தான் மாத்திரை வேலை செய்தது. பாஸ்டனில் எர்னஸ்ட் ஹார்ட்மன் பல ஆண்டுகள் செய்த சோதனைகளில், ஒரு கிராம் அளவில் தூக்கம் பிடிக்கும் நேரம் குறைந்தது. 'இயற்கையானது' என்று பாட்டிலை எடுத்தவர்கள், எந்தச் சாப்பாடும் தரமுடியாத ஒரு நிலையைத்தான் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

செரட்டோனின் கூடினால் தூக்கம் என்று நேர்கோடு போடுவதும் சரியில்லை. மூளைத்தண்டில் செரட்டோனின் நரம்பணுக்கள் கூடியிருக்கும் ராஃபே பகுதியை அளந்தால், அவை விழித்திருக்கும்போதுதான் அதிகமாகத் துடிக்கின்றன. ஆழ்ந்த தூக்கத்தில் மெதுவாகி, கனவுத் தூக்கத்தில் ஏறக்குறைய மௌனமாகிவிடுகின்றன. ஆனால் செரட்டோனின் உற்பத்தியை மருந்தால் நிறுத்தினால் பூனைகள் நாள்கணக்கில் தூங்காமல் கிடந்தன. பகலில் வேலை செய்து இரவுத் தூக்கத்துக்கு ஏற்பாடு பண்ணிவைக்கும் ஆள் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

ஆலைக்குள்ளே

குற்றவாளி டிரிப்டோஃபான் என்றே முதல் சில வாரங்களுக்குத் தோன்றியது. இடித்தது ஒரு விஷயம்: பல வருஷமாக எத்தனையோ பேர் இதைச் சாப்பிட்டிருக்கிறார்கள், 1989இல் மட்டும் ஏன் இப்படி வெடித்தது? மினசோட்டாவில் நோயாளிகளின் பாட்டில்களிலிருந்த லாட் எண்களை, அதாவது எந்தத் தொகுதிச் சரக்கு என்று காட்டும் எண்களை, பிடித்துப் பின்னோக்கிப் போனார்கள். மேலே ஒட்டியிருந்த பிராண்டு பெயர்கள் பல. உள்ளே இருந்த தூள் ஜப்பானின் ஆறு தயாரிப்பாளர்களிடமிருந்து வந்தது. நோயாளிகள் 30 பேரில் 29 பேர் சாப்பிட்டது ஒரே நிறுவனத்தின் சரக்கு: ஷோவா டென்கோ. டிரிப்டோஃபான் சாப்பிட்டும் நோய் வராத 35 பேரில் 21 பேர்தான் அந்தச் சரக்கைச் சாப்பிட்டிருந்தார்கள். ஆரெகன் மாநில ஆய்வும் அதே ஆலையைத்தான் காட்டியது.

அந்த ஆலையில் டிரிப்டோஃபானைச் செய்தது பாக்டீரியா. பேசில்லஸ் அமைலோலிக்விஃபேசியன்ஸ் என்ற கிருமியைத் தொட்டியில் வளர்த்து, அது உண்டாக்கிய டிரிப்டோஃபானை அந்தக் குழம்பிலிருந்து பிரித்து, வடிகட்டி, கரித்தூளால் சுத்தம் செய்து, படிகமாக்கி எடுப்பார்கள். 1988 டிசம்பரில் கூடுதலாக உற்பத்தி செய்யும்படி மரபணு மாற்றிய புதிய வகைக் கிருமிக்கு மாறினார்கள், 'ஸ்ட்ரெயின் ஐந்து' என்று அதற்குப் பெயர். 1989 தொடக்கத்தில், ஒரு பேட்ச்சுக்குப் போட்ட கரித்தூளை 20 கிலோவுக்கு மேலிருந்து 10 கிலோவாகக் குறைத்தார்கள். குழம்பில் ஒரு பகுதியைச் சில மாதங்களுக்கு ஒரு வடிகட்டும் கட்டத்தைச் சுற்றிக்கொண்டு அனுப்பினார்கள். மூன்று மாற்றங்களும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன.

அப்படி வந்த சரக்கு எவ்வளவு சுத்தம் தெரியுமா? 99.6 சதவீதம். தரக்கட்டுப்பாட்டு வரம்பைத் தாராளமாகத் தாண்டியது. கலவையில் என்னென்ன இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. கருவியில் ஓட்டியபோது டிரிப்டோஃபானின் பெரிய முகட்டுக்குப் பக்கத்தில் சின்னச் சின்ன முகடுகள் பல தெரிந்தன. அவற்றில் நோயாளிகள் சாப்பிட்ட லாட்டுகளோடு ஒட்டிய ஒன்றுக்கு 'பீக் ஈ' என்று பெயரிட்டார்கள். பிரித்துப் பார்த்தால் இரண்டு டிரிப்டோஃபான் மூலக்கூறுகள் அசிட்டால்டிஹைடால் ஒட்டிக்கொண்ட பொருள், சுருக்கமாக ஈ.பி.டி. அளவு நூற்றில் ஒரு பங்கில் மேலும் நூறில் ஒன்று என்ற மாதிரி. இன்னொரு முகட்டிலிருந்த, அனிலின் என்ற ரசாயனத்தோடு உறவுள்ள பொருளைப் பார்த்தவர்களுக்கு ஸ்பெயின் நினைவுக்கு வந்தது. 1981இல் அங்கே அனிலின் கலந்த கடுகின ரேப்சீட் எண்ணெயைச் சமையலுக்கு விற்றதில் 20,000 பேர் பாதிக்கப்பட்டார்கள், 300க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தசைவலி, ஈசினோஃபில், தோல் தடிப்பு என்று அறிகுறிகளும் உறவுக்காரர்கள்தான்.

இதோடு வழக்கு முடிந்தது என்றுதான் எனக்கும் முதலில் பட்டது. முடியவில்லை. பெண் எலிகளுக்கு ஈ.பி.டி. கொடுத்தபோது தசையைச் சுற்றியிருக்கும் உறை தடித்தது. ஆனால் சுத்தமான டிரிப்டோஃபானை அதிக அளவில் கொடுத்த எலிகளிலும் ஓரளவு அந்த மாற்றம் வந்தது. நோயின் முழு உருவத்தை, அதாவது ஈசினோஃபிலையும் சேர்த்து, எந்த எலியிலும் கொண்டுவர முடியவில்லை. தெற்குக் கரோலினாவில் ஒரே மனநல மருத்துவரிடம் வந்துபோனவர்களை ஆராய்ந்தபோது, சந்தேகச் சரக்கைச் சாப்பிட்ட 157 பேரில் 45 பேருக்கு உறுதியான நோய் இருந்தது. தினம் 4 கிராமுக்கு மேல் சாப்பிட்டவர்களை மட்டும் எடுத்தால் அது பாதிக்குப் பாதி. அளவு கூடக் கூட ஆபத்து கூடியது என்றால், மாசு கூடியதாலா, டிரிப்டோஃபான் கூடியதாலா? ஒரே பாட்டிலில் இரண்டும் சேர்ந்தேதான் கூடும். இந்தக் கணக்கைக் கொண்டு அவற்றைப் பிரிக்கவே முடியாது. மரபணு மாற்றத்தை எதிர்ப்பவர்கள் ஸ்ட்ரெயின் ஐந்தைக் கைகாட்டினார்கள், ஆதரிப்பவர்கள் கரித்தூளைக் கைகாட்டினார்கள். மூன்று மாற்றங்களையும் அடுத்தடுத்துச் செய்துவிட்ட ஆலையை வைத்துக்கொண்டு இருவருமே இவ்வளவு உறுதியாகப் பேசியிருக்கக் கூடாது என்பது என் கட்சி.

தடைக்குப் பிறகு

தடை வந்த அதே 1990இல், யேல் பல்கலைக்கழகத்தில் டெல்காடோவும் சகாக்களும் ஒரு முடிவை வெளியிட்டார்கள். மனச்சோர்வு நோயிலிருந்து மருந்தால் தேறியிருந்தவர்களுக்கு, டிரிப்டோஃபான் மட்டும் இல்லாத அமினோ அமிலக் கலவை ஒன்றைக் குடிக்கக் கொடுத்தார்கள். பந்தி வாசலில் மற்ற எல்லாரும் நிற்க, நம்ம ஆளை மட்டும் வீட்டிலேயே நிறுத்திவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சில மணி நேரத்தில் ரத்தத்தில் டிரிப்டோஃபான் சரிந்தது. 21 பேரில் 14 பேருக்குப் பழைய சோர்வு திரும்ப வந்தது. வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பியதும் ஓரிரு நாளில் தேறினார்கள். மனச்சோர்வே வந்திராத ஆரோக்கியமானவர்களுக்கு இதே கலவையைக் கொடுத்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. எல்லார் மனநிலையையும் உணவு ஆட்டிவைக்கிறது என்று இதிலிருந்து சொல்ல முடியாது. ஏற்கெனவே செரட்டோனின் மருந்தைப் பிடித்துக்கொண்டு நிற்பவருக்கு அந்தச் சரக்கு தடையில்லாமல் வரவேண்டும் என்று சொல்லலாம்.

அந்த மருந்துகள் அப்போது கடைக்கு வந்துவிட்டன. அவற்றில் ஒன்றான புரோசாக்குக்கு அமெரிக்க அனுமதி 1987 டிசம்பரிலேயே கிடைத்தாயிற்று. டிரிப்டோஃபான் பாட்டில்கள் மறைந்த அலமாரிப் பக்கம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பிரிட்டனில் மட்டும் 1994இல், வேறு மருந்துக்கு மசியாத மனச்சோர்வுக்காக, கண்காணிப்போடு டிரிப்டோஃபான் மருந்துச் சீட்டில் திரும்பி வந்தது. அமெரிக்காவில் 2000களில்தான் தடை தளர்ந்தது.

தடை உச்சத்தில் இருந்தபோதும் ஓர் இடத்தில் மட்டும் அதைத் தொடவில்லை. கைக்குழந்தைகளுக்கான பால் பவுடரிலும், நரம்பு வழியாக ஏற்றும் ஊட்டச்சத்துத் திரவத்திலும் டிரிப்டோஃபான் சேர்ப்பதற்கு அனுமதி இருந்தது, இல்லாவிட்டால் உயிர் வாழ முடியாது. அங்கே அது மற்ற அமினோ அமிலங்களோடு, அளவாக, கூட்டத்தில் ஒருவராகப் போனது.

போன மாசம் ஒரு பையன் கடைக்கு வந்தான். அப்பாவின் மருந்துச் சீட்டில் மனச்சோர்வுக்கான செரட்டோனின் மருந்தான எஸ்சிட்டலோபிராம் 10 மில்லிகிராம், ரத்த அழுத்தத்துக்கு ஒன்று. வேறு ஏதாவது சாப்பிடுகிறாரா என்று கேட்டேன். 'இல்லண்ணே, வேற எதுவும் இல்ல' என்றான். பில் போட்டுக் கொடுத்த பிறகு, ஏதோ ஞாபகம் வந்தவனாகப் போனை எடுத்துக் காட்டினான். 5-எச்.டி.பி., 100 மில்லிகிராம், அறுபது மாத்திரை, முந்தின இரவே ஆர்டர் போட்டாயிற்று. டிரிப்டோஃபானுக்கும் செரட்டோனினுக்கும் நடுவில் நிற்கும் படி அது. முதல் நொதியின் கட்டுப்பாட்டைக்கூடத் தாண்டி வந்த சரக்கு. எஸ்சிட்டலோபிராம் மேல் அதைப் போட்டால் வியர்வை, நடுக்கம், பேதி, படபடப்பு என்று செரட்டோனின் மிதமிஞ்சிப்போக வாய்ப்பு இருக்கிறது. டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதே என்றேன்.

'இது மாத்திரை இல்லண்ணே' என்றான் அவன். 'சப்ளிமெண்ட்.'